வெற்றியின் அளவுகோல்

கொல்கத்தா நகரில் சில மாலைப்பொழுதுகள் விந்தையானவை. ஒரு தெருவில் வெடிகள் முழங்கும். அடுத்த தெருவில் கதவுகள் சாத்திக் கிடக்கும். ஒரு வீட்டில் மீன் பொரியும் மணம் வீதிவரை வீசும். எதிர்வீட்டில் இரவு உணவை எவரும் தொடமாட்டார். ஒரே நாள் ஒரு சாராருக்குத் திருவிழாவாகவும் மற்றொரு சாராருக்குத் துக்க நாளாகவும் அமைந்துவிடும். நிகழ்ந்தது என்னவென்று வினவினால் விடை மிகச் சிறியது. மோகன் பகான் கழகமும் ஈஸ்ட் பெங்கால் கழகமும் அன்று காற்பந்தாடின. ஒன்று வென்றது, மற்றொன்று தோற்றது. ஆயினும் அந்நகரத்து மக்களுக்கு அது சிறு செய்தி அன்று.

வெல்லும் கலையை ஆட்டக்காரர்கள் களத்தில் பயில்கின்றனர். வெற்றியைத் தாங்கிக்கொள்ளும் கலையையோ, களத்தைச் சுற்றி அமர்ந்து பார்ப்பவரும் பயில வேண்டியிருக்கிறது. ஒரு கோல் வேறுபாட்டில் கிடைக்கும் வெற்றி மனிதனை அதிகம் சோதிப்பதில்லை. நெடுநாளைய போட்டியாளன் எழ முடியாதபடி வீழ்ந்து கிடக்கும்பொழுதுதான், வென்றவன் உள்ளத்தில் இருப்பது என்ன என்பது வெளிப்படும். வீழ்ந்தவனுக்கும் அதுவே சோதனைக் காலம். இவ்விருவகைச் சோதனைகளையும் கொல்கத்தாவின் காற்பந்து வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

ஹூக்ளி ஆற்றின் கீழ்க்கரையில், வில்லியம் கோட்டையைச் சூழ்ந்து, பரந்த புல்வெளி ஒன்று உள்ளது. அதனை மைதானம் என்றே மக்கள் அழைப்பர். நகரத்தின் பெருமை வாய்ந்த ஆட்டக் கழகங்களின் இருப்பிடங்கள் அப்புல்வெளியில்தான் அமைந்துள்ளன. அவை கட்டடங்களாக வளர்ந்துவிட்ட பின்னரும் பழைய வழக்கப்படி ‘கூடாரம்’ என்றே வழங்கப்படுகின்றன. மோகன் பகானின் கூடாரமும் ஈஸ்ட் பெங்காலின் கூடாரமும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து சென்றுவிடக்கூடிய தொலைவிலேயே உள்ளன. இடத்தால் இத்துணை நெருங்கிய இரு கழகங்கள் உணர்ச்சியால் எவ்வளவு விலகி நின்றன என்பதே வியப்பு.

மோகன் பகான் கழகம் 1889 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 ஆம் நாள் தோன்றியது. அந்நியர் ஆட்சி நிலவிய அந்நாளில், காற்பந்து ஆங்கிலேயர் கொண்டுவந்த ஆட்டம். அதில் அவர்களை வெல்ல இயலாது என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியிருந்தது. 1911 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆம் நாள் அவ்வெண்ணம் தகர்ந்தது. அன்று நடந்த ஐ. எஃப். ஏ. கேடயப் போட்டியின் இறுதி ஆட்டத்தில், ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவினரின் அணியை மோகன் பகான் 2-1 என்ற கணக்கில் வென்றது. ஆங்கிலேயர் காலணி அணிந்து ஆடினர். மோகன் பகான் வீரருள் ஒருவர் நீங்கலாக ஏனையோர் வெறுங்காலுடன் ஆடினர். அணித்தலைவர் சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் அடித்த கோல்கள் நாடெங்கும் பேசப்பட்டன. அன்றுமுதல் அக்கழகத்தின் பச்சையும் செம்பழுப்பும் கலந்த சட்டை, தன்மானத்தின் அடையாளமாகவே மதிக்கப்பட்டது.

ஈஸ்ட் பெங்கால் கழகம் பிறந்த கதை வேறு. 1920 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மோகன் பகானுக்கு எதிராக ஆடவிருந்த ஜோராபாகன் கழகம், சைலேஷ் போஸ் என்ற வீரரை அணியில் சேர்க்காது ஒதுக்கியது. அதனை ஏற்காத அக்கழகத்தின் துணைத் தலைவர் சுரேஷ் சந்திர சௌத்ரி பதவியைத் துறந்து வெளியேறினார். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர் என்பதாலேயே அவ்வீரர் புறக்கணிக்கப்பட்டார் என்ற மனக்குறை அவரைச் சார்ந்தோரிடம் இருந்தது. அம்மனக்குறையிலிருந்தே ஆகஸ்டு 1 ஆம் நாள் ஒரு புதிய கழகம் எழுந்தது. தம் மண்ணின் பெயரையே அதற்குச் சூட்டினர். செந்நிறமும் பொன்னிறமும் அதன் வண்ணங்களாயின. எரியும் தீப்பந்தம் அதன் சின்னமாயிற்று. 1925 ஆம் ஆண்டு மே 28 ஆம் நாள் கல்கத்தா லீக் போட்டியில் இரு கழகங்களும் முதன்முதலாக எதிர்நின்றன. அன்று ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோலினால் வென்றது.

1947 ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றது. வங்காளமோ இரண்டாகப் பிரிந்தது. வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு எண்ணற்ற மக்கள் கிழக்கிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்தனர். இரயில் நிலையங்களிலும் முகாம்களிலும் ஒண்டிக் கிடந்த அவர்களுக்கு, விட்டுவந்த ஊரின் பெயரைத் தாங்கி நின்ற ஒரு கழகம் தாய்வீடு போல் தோன்றியது. மண் போயிற்று, ஆறு போயிற்று, மண்ணின் பெயர் மட்டும் பதினொரு வீரரின் சட்டையில் வாழ்ந்தது. அந்த அணி வெல்லும்போது, தாமும் இந்நகரில் தலைநிமிர்ந்து நடக்கலாம் என்று அகதி மக்கள் உணர்ந்தனர். இவ்வாறு ஆட்டத்தின் வெற்றி தோல்விகள் வாழ்வின் ஏற்றத்தாழ்வுகளோடு பின்னிக்கொண்டன.

மேற்கு வங்காளத்தின் பழங்குடியினர் ‘கோட்டி’ எனப்பட்டனர். கிழக்கிலிருந்து வந்தோர் ‘பாங்கால்’ எனப்பட்டனர். முன்னவருள் பெரும்பாலோர் மோகன் பகானையும், பின்னவருள் பெரும்பாலோர் ஈஸ்ட் பெங்காலையும் நேசித்தனர். இருவரும் பேசுவது வங்க மொழியே. ஆயினும் பேச்சின் ஒலியிலும் சமையலின் சுவையிலும் வேறுபாடு உண்டு. உணவும் கொடியாக மாறியது. ஈஸ்ட் பெங்கால் வென்றால் ஹில்சா மீன்; மோகன் பகான் வென்றால் பெரிய இறால். ஆட்டம் நடக்கும் நாளில் மீன் கடைக்காரன் முகத்தைப் பார்த்தே எந்தக் கழகம் வென்றது என அறியலாம் என்று நகரத்தார் வேடிக்கையாகக் கூறுவர். வென்ற அணியின் மீனுக்கு விலை ஏறிவிடும் அல்லவா?

காலப்போக்கில் இரு சாராரும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தனர். அதனால் ஒரே வீட்டில் தந்தை ஒரு கழகத்தையும், தாய் மற்றொரு கழகத்தையும் போற்றும் நிலை உண்டாயிற்று. மாமனார் மருமகனைக் கேலி செய்வார். அடுத்த ஆட்டத்தில் மருமகன் அதனைத் திருப்பித் தருவான். தேநீர்க் கடைப் பலகையில் அருகருகே அமர்ந்து, முப்பது ஆண்டுக்கு முந்தைய கோலைப் பற்றி முதியோர் வாதிடுவர். இக்கேலியில் உப்பின் சுவை உண்டு. உப்பு அளவோடு இருந்தால் உணவு சுவைக்கும். அளவு மீறினால் உண்ண இயலாது. அளவு மீறிய நாள்களும் வந்தன.

1975 ஆம் ஆண்டு செப்டம்பர் 30 ஆம் நாள் ஐ. எஃப். ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில் இவ்விரு கழகங்களும் சந்தித்தன. ஈஸ்ட் பெங்கால் அப்பொழுது வலிமையின் உச்சியில் இருந்தது. 1970 ஆம் ஆண்டு முதல் ஆறு ஆண்டுகள் இடைவிடாமல் கல்கத்தா லீக் பட்டத்தை அதுவே வென்றிருந்தது. பி. கே. பானர்ஜி அதன் பயிற்சியாளராக விளங்கினார். மோகன் பகான் அன்பர்களோ, இந்தக் கேடயமாவது தம் நெடுநாளைய ஏக்கத்தைத் தீர்க்காதா என்ற ஆவலுடன் காத்திருந்தனர்.

ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே சுரஜித் சென்குப்தா முதல் கோலை அடித்தார். அடுத்துச் சியாம் தாப்பாவும் ரஞ்சித் முகர்ஜியும் அடிக்க, இடைவேளைக்கு முன்னரே கணக்கு மூன்றாயிற்று. இடைவேளைக்குப் பின் தாப்பா மீண்டும் ஒரு கோல் அடித்தார். நான்கு கோல்களை விட்டுக்கொடுத்த இளம் காவலர் பாஸ்கர் கங்குலி களத்தைவிட்டு அகற்றப்பட்டு, பிரசாந்த மித்ரா அவ்விடத்தில் நிறுத்தப்பட்டார். காவலர் மாறியும் ஊழ் மாறவில்லை. சுபங்கர் சன்யால் ஐந்தாம் கோலை அடித்தார். மோகன் பகான் ஒரு கோலும் அடிக்கவில்லை. 5-0 என்பதே முடிவான கணக்கு.

ஈஸ்ட் பெங்கால் அன்பர்களின் களிப்பைச் சொற்களால் அளப்பது கடினம். முதல் கோலுக்குக் கூவினர். இரண்டாம் கோலுக்குக் குதித்தனர். மூன்றாம் கோலுக்கு முன்பின் அறியாதவரையும் தழுவிக்கொண்டனர். அதற்குப் பின் விழுந்த கோல்கள் அவர்களுக்கே நம்ப முடியாதனவாக இருந்திருக்கும். அகதிக் குடியிருப்புகளில் வளர்ந்த ஒருவருக்கு அந்த ஐந்து கோல்கள் எத்தகைய ஆறுதலை அளித்திருக்கும்! ‘ஊர் இழந்து வந்தவன்’ என்று கேட்ட சொற்களுக்கெல்லாம் அன்று ஒரே நாளில் விடை கிடைத்ததாக அவர் எண்ணியிருப்பார். அக்களிப்பைக் குற்றம் என்று யாரும் கூற இயலாது. நேர்மையாக உழைத்துப் பெற்ற வெற்றியில் மகிழ்வது மனித இயல்பு.

மறுபுறத்துக் காட்சி வேறு. மோகன் பகான் அன்பர்களின் துயரம் விரைவில் சினமாக மாறியது. தாம் உயிரினும் மேலாக நேசித்த வீரர்கள்மீதே அவர்கள் சீறினர். கூடாரத்தைச் சூழ்ந்த கூட்டத்துக்கு அஞ்சி, வீரர் சிலர் ஆற்றில் ஒரு படகில் அன்றிரவைக் கழித்தனர் என்று அந்நகரத்தார் இன்றளவும் கூறுவர். காலையில் தோளில் தூக்கத் தயாராக இருந்த கைகளே மாலையில் கல்லைத் தேடின. வெல்லும்போது மட்டும் நிலைக்கும் அன்பு, அணியின்மீது கொண்ட அன்பாகுமா? அது தன் பெருமையின்மீது தான் கொண்ட அன்பே ஆகும். தன் பிள்ளை தேர்வில் தவறிய நாளில் வீட்டுக் கதவைச் சாத்தும் தந்தையை எவரேனும் நல்ல தந்தை என்பரோ?

அதனினும் பெருந்துயரம் ஒன்றும் நேர்ந்தது. மோகன் பகானை நேசித்த ஓர் இளைஞர், அத்தோல்வியைத் தாங்க மாட்டாமல் தம் உயிரையே மாய்த்துக்கொண்டார். ஓர் ஆட்டத்தின் கணக்கு ஒரு தாயின் வீட்டில் என்றும் ஆறாத துயரமாக முடிந்தது. இதனைப் பக்தியின் சிகரம் என்று புகழ்வோர் பெரிதும் தவறுகின்றனர். அவ்விளைஞர் பத்துத் திங்கள் பொறுத்திருந்தால் என்ன கண்டிருப்பார்? 1976 ஆம் ஆண்டு ஜூலை 24 ஆம் நாள், ஆட்டம் தொடங்கிப் பதினேழே நொடிகளில் அக்பர் என்ற வீரர் அடித்த கோலினால் மோகன் பகான் ஈஸ்ட் பெங்காலை வென்றதைக் கண்டிருப்பார். ஆறு ஆண்டுகளாகக் கைக்கு எட்டாத லீக் பட்டம் அவ்வாண்டில் தம் கழகத்துக்குத் திரும்பியதையும் கண்டிருப்பார். எந்தத் தோல்வியும் கடைசி ஆட்டம் அன்று. துயரம் பெருகி மனம் இருளும் வேளையில், வீட்டாரிடமோ நண்பரிடமோ ஆசிரியரிடமோ வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். அருகில் இருப்போரும் அவ்விருளைக் கேலி செய்யாமல் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும். எதிரணிக்காரன் கூறும் ஓர் ஆறுதல் சொல்லுக்கு அவ்வேளையில் தனி மதிப்பு உண்டு.

காலம் அடுத்து ஆடிய ஆட்டம் சுவையானது. ஐந்து கோல்களுக்கு வழிகாட்டிய பயிற்சியாளர் பி. கே. பானர்ஜி, அடுத்த ஆண்டிலேயே மோகன் பகானின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். இரண்டு கோல்கள் அடித்த சியாம் தாப்பாவும் பின்னர் அக்கழகத்திலேயே சேர்ந்தார். 1978 ஆம் ஆண்டில் அவர் மோகன் பகானுக்காக, ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராக, உடலை வானோக்கி வீசித் தலைக்குமேல் பந்தை உதைத்து அடித்த கோல் இன்றளவும் போற்றப்படுகிறது. நான்கு கோல்களை விட்டுத் தலைகுனிந்து வெளியேறிய பாஸ்கர் கங்குலியோ, தம்மை வென்ற ஈஸ்ட் பெங்காலுக்கே சென்று புகழ்பெற்ற காவலராக வளர்ந்தார். 1982 ஆம் ஆண்டு டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கும் பேறும் அவருக்குக் கிடைத்தது.

இம்மாற்றங்களைக் கண்ட அன்பர்கள் என்ன செய்தனர்? நேற்று எவர் பெயரைச் சபித்தனரோ, இன்று அவர் பெயரையே வாழ்த்தி முழங்கினர். ‘இவன் கையால்தான் தோற்றோம்’ என்று மோகன் பகானார் வெறுத்த காவலரை ஈஸ்ட் பெங்கால் மக்கள் தம் பிள்ளையாக ஏற்றனர். ‘நம்மை அழித்தவர்’ என்று கருதப்பட்ட பயிற்சியாளரை மோகன் பகான் மக்கள் குருவாக வணங்கினர். சட்டையின் நிறம் மாறியது. அதனுள் இருந்த மனிதர் மாறவில்லை. அங்ஙனமாயின், நேற்று அவர்மேல் கொட்டிய வெறுப்புக்குப் பொருள் என்ன? பகை என்று நினைத்தது ஆட்டத்தின் விதிகளால் அமைந்த ஓர் எதிர்நிலை மட்டுமே. தொண்ணூறு நிமிடங்கள் கடந்தால் அதற்கு ஆயுள் இல்லை.

இவ்வுண்மையை மறந்ததன் விலையை 1980 ஆம் ஆண்டு ஆகஸ்டு 16 ஆம் நாள் நகரம் கொடுத்தது. ஈடன் தோட்ட அரங்கில் இரு கழகங்களும் மோதின. களத்தில் மூண்ட சச்சரவு பார்வையாளர் இருக்கைகளுக்குப் பரவியது. இரு கழகத்தாரும் கலந்து அமர்ந்திருந்த இடத்தில் கைகலப்பு எழுந்தது. அஞ்சி ஓடிய கூட்டத்தின் நெரிசலில் பதினாறு பேர் மாண்டனர். ஆட்டம் பார்க்கச் சென்றவர் திரும்பி வருவார் என்று வாயிலில் காத்திருந்த குடும்பங்கள் பதினாறு. அன்றைய ஆட்டத்தில் எந்த அணியும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. மாண்டவருள் இரு கழகத்தையும் நேசித்தோர் இருந்தனர். துயரத்துக்கு நிறவேறுபாடு தெரியவில்லை. அவர்கள் நினைவாக ஆகஸ்டு 16 ஆம் நாளைக் காற்பந்து அன்பர் நாள் எனக் கொண்டு, கொல்கத்தாவில் இரத்த தான முகாம்கள் நடத்தும் வழக்கம் தோன்றியது. ஒரு கழகத்தின் அன்பர் அளிக்கும் இரத்தம் மற்றொரு கழகத்தின் அன்பருக்குச் சென்று உயிர் காக்கலாம். இதனினும் சிறந்த பாடம் வேறு என்ன வேண்டும்?

பெருவெற்றி வென்றவரையே ஏமாற்றுவதும் உண்டு. 1997 ஆம் ஆண்டு பெடரேஷன் கோப்பைப் போட்டியில் மோகன் பகான் புதிய ஆட்டமுறை ஒன்றைக் கையாண்டு, எதிர்வந்த அணிகளுக்கு எதிராகக் கோல்களைக் குவித்தது. அரையிறுதியில் ஈஸ்ட் பெங்காலைச் சந்திக்கும் நேரம் வந்தது. ஆட்டத்துக்கு முன்பே எதிரணி வீரர்களின் பெயர்களைத் திரித்து, ஒருவரை வெள்ளரிக்காய் என்றும் மற்றொருவரை முட்டை அடை என்றும் ஏளனம் செய்யும் பேச்சுகள் மோகன் பகான் முகாமிலிருந்து எழுந்தன. ஜூலை 13 ஆம் நாள் உப்பேரி அரங்கில் 1,31,000-க்கும் மேற்பட்ட மக்கள் திரண்டனர். பாய்ச்சுங் பூட்டியா என்ற இளைஞர் மூன்று கோல்கள் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்ற கணக்கில் வென்றது. அதற்கு முன் பெற்ற பெரிய வெற்றிகள் மோகன் பகானுக்குத் தன் வலிமையைக் காட்டின. எதிரியின் வலிமையை மறைத்துவிட்டன. ஏளனம் செய்தவன் வாய் ஓய்ந்தது. ஏளனம் செய்யப்பட்டவனின் கால்கள் விடை கூறின.

1975 ஆம் ஆண்டின் ஐந்து கோல்களை மோகன் பகான் அன்பர்கள் எளிதில் மறக்கவில்லை. தேநீர்க் கடையில் வாதம் முற்றும்போதெல்லாம் எதிர்த்தரப்பார் ஐந்து விரல்களை விரித்துக் காட்டினால் போதும். வாதம் அத்துடன் முடிந்துவிடும். 34 ஆண்டுகள் கழிந்தன. 2009 ஆம் ஆண்டு அக்டோபர் 25 ஆம் நாள் ஐ-லீக் போட்டியில் மோகன் பகான் 5-3 என்ற கணக்கில் ஈஸ்ட் பெங்காலை வென்றது. நைஜீரிய வீரர் சிடி எடே ஒருவரே நான்கு கோல்கள் அடித்தார். அன்று மோகன் பகான் அன்பர்களும் ஐந்து விரல்களை விரித்தனர். தந்தையர் பட்ட கடனை மக்கள் தீர்த்தாற்போன்ற மகிழ்ச்சி அவர்களுக்கு. அப்பொழுதும் எதிர்த்தரப்பார், ‘நாங்கள் மூன்று அடித்தோமே, நீங்கள் அன்று ஒன்றுமே அடிக்கவில்லையே!’ என்று வாதத்தைத் தொடரலாயினர். வாதம் முடியாமல் இருப்பதே இப்போட்டியின் உயிர். ஒரு பக்கம் அடியோடு ஓய்ந்துவிட்டால் மறுபக்கத்துக்குப் பேச ஆள் ஏது?

மோகன் பகான் இல்லாத ஈஸ்ட் பெங்காலையும், ஈஸ்ட் பெங்கால் இல்லாத மோகன் பகானையும் கொல்கத்தாவில் எவராலும் எண்ணிப் பார்க்க இயலாது. பெயரறியாத ஓர் அணியை ஐந்து கோல்களால் வென்றிருந்தால், ஈஸ்ட் பெங்கால் மக்கள் அதனை அடுத்த வாரமே மறந்திருப்பர். அரைநூற்றாண்டு கடந்தும் அவ்வெற்றி பேசப்படுவதற்குக் காரணம், தோற்ற அணியின் பெருமையே. வென்றவரின் மகுடத்தில் ஒளிவிடும் மணி தோற்றவர் தந்தது. இதனை உணர்ந்தவன் வீழ்ந்தவனை மிதிக்க மாட்டான், கைகொடுத்து எழுப்புவான். அவன் எழுந்தால்தானே அடுத்த ஆட்டம் உண்டு!

இவ்வுணர்வு கொல்கத்தா மக்களின் நெஞ்சில் மறையாது உறைந்திருந்தது என்பதற்கு அண்மைக்காலச் சான்று ஒன்று உண்டு. 2024 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அந்நகரத்து மருத்துவமனை ஒன்றில், பணியில் இருந்த இளம் பெண் மருத்துவர் கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டார். நாடே கொதித்தது. ஆகஸ்டு 18 ஆம் நாள் உப்பேரி அரங்கில் நடக்கவிருந்த இரு கழகங்களின் டியூரண்ட் கோப்பை ஆட்டம், பாதுகாப்பைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டது. ஆட்டம் இல்லை, ஆயினும் அன்பர்கள் அரங்கின் முன் திரண்டனர். பச்சையும் செம்பழுப்பும் அணிந்தோர் ஒருபுறம். செந்நிறமும் பொன்னிறமும் அணிந்தோர் மறுபுறம். அன்று அவர்கள் ஒருவரை எதிர்த்து ஒருவர் முழங்கவில்லை. ‘நீதி வேண்டும்’ என்று ஒரே குரலில் முழங்கினர். காவலர் தடியோச்சியபோதும் சேர்ந்தே நின்றனர். மோகன் பகான் சட்டை அணிந்த ஒருவர், ஈஸ்ட் பெங்கால் சட்டை அணிந்த ஒருவரைத் தம் தோள்மேல் ஏற்றி நிறுத்திய காட்சி படமாக நாடெங்கும் பரவியது. எத்தனை கோல்கள் அடித்தும் எந்த அணியாலும் அடைய முடியாத வெற்றி அது.

அதன்பின் கேலிப்பேச்சு நின்றுவிட்டதா? இல்லை, நிற்கவும் வேண்டியதில்லை. ஹில்சா மீனும் இறாலும் தத்தம் நாளில் அடுப்பேறிக்கொண்டுதான் இருக்கும். மாமனாரும் மருமகனும் வாதிட்டுக்கொண்டுதான் இருப்பர். விரிந்த ஐந்து விரல்களுக்கு எதிரே விரிந்த ஐந்து விரல்கள் எழுந்துகொண்டுதான் இருக்கும். வென்ற வீட்டார் தாம் பொரித்த மீனில் ஒரு தட்டு எதிர்வீட்டுக்கும் கொடுத்தனுப்புவாராயின், அக்கேலியால் எவருக்கும் தீங்கு நேராது. கதவைச் சாத்திக்கொண்ட வீட்டாரும், சிறிது தயக்கத்துக்குப் பின், கதவைத் திறந்து அத்தட்டை வாங்கிக்கொள்ளலாம்.

களத்தில் அடித்த கோல்களைப் பலகையில் எழுதிக் காட்டிவிடலாம். ஆட்டம் முடிந்தபின் வென்றவர் தோற்றவரிடம் பேசும் முதற்சொல் எந்தப் பலகையிலும் எழுதப்படுவதில்லை. எனினும் வெற்றியின் உண்மையான அளவுகோல் அச்சொல்லே ஆகும்.